முறையாகக் கூப்பிடுதல்

ஆகஸ்ட் 3, வியாழன்

எனக்கு 'கால்' என்கிற ஆங்கிலச் சொல் வந்திருக்கிறது. 'ரன்', 'டேக்', 'செட்' மூன்றையும் மூத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேவசகாயம் சார் வெற்றுச் சீட்டுக்கட்டு ஒன்றை என் மேசையில் வைத்து, "வடிவு, சின்னச் சொல்லுதானேன்னு நினைச்சிராதீங்க. பெரிய சொல்லுக்கெல்லாம் ஒரே அர்த்தம், அது பாட்டுக்குக் கிடக்கும். இந்த மாதிரிச் சொல்லுதான் ஆளை இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்றார்.

நாங்கள் திருத்திக்கொண்டிருக்கும் ஆங்கில–தமிழ் அகராதியின் பழைய பதிப்பில் இந்தச் சொல்லுக்கு ஏழே பொருள் இருக்கிறது. குறைந்தது நாற்பது வரும் என்கிறார் சார். நாற்பதையும் பிரித்து எழுத எனக்கு மூன்று மாதம்.

எங்கள் அலுவலகத்துக்கு என்று ஒரு முறை உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு. மேலே ஆங்கிலச் சொல், நடுவில் தமிழ்ப் பொருள், கீழே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். அந்த வாக்கியம் மேசையில் உட்கார்ந்து செய்ததாக இருக்கக் கூடாது, காதால் கேட்டதாக இருக்க வேண்டும். அதனால் இங்கே வேலை பார்க்கிற எல்லாரும் பஸ்ஸிலும் கடையிலும் கல்யாண வீட்டிலும் பிறர் பேசுவதைக் குறித்துக்கொண்டே இருப்போம். கெட்ட பழக்கம்தான். நான்கு வருடத்தில் எனக்கும் படிந்துவிட்டது.

வீட்டுக்கு வரும்போது இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தேன். என் கணவருக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளை வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, சனி

பதினொரு சீட்டு முடிந்தது. உரக்கக் கூவுதல். பெயர் இடுதல். கூட்டம் கூட்டுதல். தூக்கத்திலிருந்து எழுப்புதல். வைத்தியரை வரவழைத்தல். தொலைபேசியில் பேசுதல்.

உரக்கக் கூவுதலுக்கு, 'அவள் வாசலில் நின்று மூன்று முறை அம்மா என்று கூப்பிட்டாள். யாரும் கதவைத் திறக்கவில்லை' என்று எழுதினேன். எங்கே கேட்டது என்று சீட்டின் பின்புறம் குறிக்க வேண்டும். 'தெருவில்' என்று குறித்தேன்.

அவருக்கு ஒரு போன் வந்தது. எடுத்துக்கொண்டு பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டார். மின்வாரியத்தில் மேற்பார்வையாளர் என்றால் லீவு நாளிலும் ஆட்கள் விடமாட்டார்கள். ஆனால் லைன்மேனிடம் யாரும் "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட?" என்று அவ்வளவு மெதுவாகக் கேட்பதில்லை. சீட்டுக்கு ஆகும் என்று நினைத்தேன். குறிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

தட்டச்சு செய்கிற ரோஸ்லின் மத்தியானம் சாப்பாட்டுக் கூடையோடு என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது."

"கேளு."

"ஒங்க சீட்டு இருவத்திரெண்டு அடிச்சிட்டேன். அதுல பதினஞ்சுல ஒரே பொண்ணுதான் வாரா. கதவத் தட்டுதா, போன் பண்ணுதா, ரோட்டுல பாத்துட்டுக் கூப்பிடுதா. யாரு மேடம் அவ, பாவம்? ஒருத்தரும் அவளுக்குப் பதில் சொல்ல மாட்டேங்காவ!"

"வாக்கியம்னா ஒரு எழுவாய் வேணும்ல, ரோஸ்லின்."

"எழுவாய்க்கு இவ்வளவு கஷ்டம் கொடுக்கக் கூடாது மேடம்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் உட்கார்ந்து பதினைந்தையும் 'அவன்' என்று மாற்றினேன். மாற்றியதும் ஐந்து வாக்கியங்கள் நிற்கவில்லை. ஆண்பிள்ளை பூட்டிய கதவுக்கு வெளியே அவ்வளவு நேரம் நிற்கமாட்டான். அவற்றைக் கிழித்துவிட்டேன்.

இந்த நோட்டில் எழுதாததால் ஒன்று இல்லை என்று ஆகிவிடாது. எங்களுக்கு ஒரு மகள், மிருதுளா. இருபத்து நான்கு வயது. போன வருடம் தை மாதம் கோவில்பட்டியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அறிவழகன் என்று பெயர், கூடப் படித்தவன், மருந்துக் கம்பெனியில் வேலை. நல்ல பையன் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வேறு மாதிரியான குடும்பம், அவ்வளவுதான். என் கணவர் கோபக்காரர். இந்த வீட்டில் அவள் பேச்சை எடுக்க முடியாது. நடுவில் நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 16, புதன்

அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன் வந்தது. புது எண்.

"மைனி, நல்லாருக்கியளா? நான் கோயில்பட்டில இருந்து பேச்சியம்மா பேசுதேன். அறிவு அம்மா."

அந்த அம்மாள் என்னை மைனி என்று உறவு சொல்லிக் கூப்பிட்டதில் எனக்கு ஒரு கணம் யாருக்கோ வந்த போன் என்று தோன்றியது.

"சொல்லுங்க."

"மிதுவுக்கு ஏழாம் மாசம். அடுத்த மாசம் பத்தாந்தேதி, ஞாயித்துக்கெழமை, வளைகாப்பு வச்சிருக்கோம். நேர்ல வந்துதான் கூப்பிடணும். ஆனா நீங்க வரச் சொன்னாத்தான வர முடியும்? அதான் மொதல்ல போன்ல கேக்கேன். அவ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல மைனி. ஆனா ஆட்டோ சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போய்ப் பாக்கா."

"வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன்.

அவளுக்கு ஏழாம் மாதம். எனக்குத் தெரியாது.

அவர் வந்ததும் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "வரச் சொல்ல வேண்டியதுதான?" என்றார்.

"கூப்பிடுதவங்க வரணும். வாங்கன்னு நாமளே சொல்லி வரவழைச்சு, அப்புறம் அவங்க நம்மளக் கூப்பிடுததா? நல்லாருக்கே. எங்க அம்மா வீட்ல தட்டு இல்லாம, நேர்ல வராம கூப்பிட்ட கல்யாணத்துக்கு ஒரு ஆள் போனதில்ல. போன்ல கூப்பிடுதது ஒரு கூப்பிடலா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். கோபத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலையில் காப்பி குடிக்கும்போது, நேற்றுப் பேச்சு நடுவில் நின்றது போலத் தொடங்கினார்.

"நேர்ல வரலன்னு சொல்லுதியே. போன வருசம் மாசியில வந்தாங்கள்லா?"

"நான் குளிச்சிட்டு இருந்தேன்."

"எதுத்த வீட்டு சார் சொன்னாரு, முக்கா மணி நேரம் நின்னாங்கன்னு. தட்டோட நின்னாங்க. மிதுவும் நின்னா. முக்கா மணி நேரம் குளிக்கிறவ, சன்னல் வழியா சத்தமும் போட்டிருக்க. தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கு." டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பையன என்னன்னு கூப்பிட்ட, வடிவு? ஞாபகம் இருக்கா?"

எனக்கு எட்டரை பஸ். பதில் சொல்ல நேரம் இல்லை. அன்றைக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

முருங்கைக்கீரை வாங்கி அப்படியே மேசையில் வாடிக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 24, வியாழன்

சார் முப்பது சீட்டுகளையும் திருப்பிக் கொடுத்தார். சிவப்பு மையில் இரண்டே குறிப்பு.

முதலாவது, 'விசேஷத்துக்கு முறையாக அழைத்தல்' என்று நான் எழுதியதை அடித்திருந்தார். எடுத்துக்காட்டு, 'அவர்கள் எங்களை முறையாகக் கூப்பிடவில்லை.'

"அம்மா, வாக்கியம் அருமை. நூறு கல்யாண வீட்ல கேட்ருக்கேன். ஆனா வெள்ளைக்காரன் இதுக்கு அந்தச் சொல்லச் சொல்ல மாட்டான். அவனுக்கு விருந்துக்குக் கூப்பிட வேற சொல்லு இருக்கு. நம்ம அர்த்தத்த அவன் சொல்லுக்குள்ள திணிக்கக் கூடாது."

நான் விடவில்லை. அரை மணி நேரம் வாதாடினேன். பழைய அகராதிகளை எடுத்து வந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"ஒங்களுக்கு இந்த அர்த்தம் ஏன் இவ்வளவு வேணும்?"

சீட்டை வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது குறிப்பு, பதினேழாம் சீட்டு. 'ஒருவரை இன்னான் என்று இழித்துச் சொல்லுதல், வைதல்.' பொருள் எழுதி, எடுத்துக்காட்டு எழுதாமல் விட்டிருந்தேன்.

"இது ஏன் காலியா இருக்கு?"

"கேட்ட வாக்கியம் கிடைக்கல சார்."

"பாளையங்கோட்டைல வசவுக்கா பஞ்சம்? மார்க்கெட் வாசல்ல அஞ்சு நிமிசம் நில்லுங்கம்மா. பை கொள்ளாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மாலையில் ரோஸ்லின் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். எழுவாய் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "மேடம், ஒங்க மருமகன் வீடு எப்படி?" என்றாள். வேறு மாதிரியான குடும்பம் என்றேன். "வேற மாதிரின்னா?" என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது. நான்கு வருடமாக ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் உடனே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

அவர் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எதற்கு வெள்ளைச் சட்டை என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். பத்தரை மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. அவர்தான் போய்க் கதவைத் திறந்தார்.

பேச்சியம்மாளும் அறிவழகனும். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம், பூ. எதுவும் குறையவில்லை. நான் ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்தேன்.

"மைனி, போன்ல கூப்பிட்டது தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க. வீட்டுக்காரருக்கு முட்டு வலி, பஸ் ஏற முடியல. அதான் மகனக் கூட்டிட்டு நேர்ல வந்தேன். நீங்க ரெண்டு பேரும் வந்து நடத்திக் கொடுக்கணும். மொத வளையல் நீங்கதான் போடணும். அப்புறம் ஒங்க வழக்கப்படி பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வந்திருங்க. தாய் வீட்டுக்கு ஈடு உண்டா?"

அந்த அம்மாள் சத்துணவு மையத்தில் அமைப்பாளராம், இருபத்தெட்டு வருடமாக. அப்படிப்பட்ட குரல். எழுபது பிள்ளைகளை உட்கார வைக்கிற குரல்.

காப்பி போட்டேன். வேலைக்காரி வரவில்லை, டம்ளர்கள் கழுவாமல் கிடந்தன. அதனால் போன கொலுவுக்கு வாங்கி மிஞ்சிய பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். அவருக்கு மட்டும் அவருடைய டம்ளரில். அவர் அந்த டம்ளரைப் பார்த்தார். எழுந்து அடுக்களைக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையிலும் பேப்பர் கப் இருந்தது.

பேச்சியம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பி நல்லாருக்கு மைனி" என்றாள். பிறகு, "எங்க மையத்துல தெனமும் எழுவது தட்டு, எழுவது டம்ளர். கழுவிக் கழுவி எனக்கு ரேகையே அழிஞ்சு போச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கழுவித் தந்திருப்பேன்."

அறிவழகன் ஒரே மூச்சில் குடித்தான். கப்பைச் சின்னதாக மடக்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். குப்பைக்கூடை கூடத்திலேயே இருந்தது. போகும்போது, "வாறேன் அத்தை" என்றான். அவன் என்னைப் பார்த்துப் பேசிய முதல் சொல்.

பிரசவத்துக்கு இங்கே கூட்டி வருவதற்கு மட்டும், மாடியில் வேலை நடக்கப் போகிறது, சிமெண்டுத் தூசி, பிள்ளைக்கு ஆகாது என்று சொன்னேன். வேலை நடக்கத்தான் போகிறது. கைப்பிடிச் சுவர் பல வருடமாகப் பெயர்ந்து கிடக்கிறது.

அவர்களை அனுப்பிவிட்டு வந்து அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "ஸ்டாண்டுல எட்டு டம்ளர் கவுத்தி வச்சிருக்கு."

ஈரமாக இருந்தன.

செப்டம்பர் 10, ஞாயிறு

காய்ச்சல். தொண்ணூற்று ஒன்பது. அவர் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு உதறி வைத்தார். நேற்று நான் வாங்கி வந்த ஆறு டஜன் கண்ணாடி வளையலை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு தனியாகப் போனார். பச்சையும் சிவப்பும். அவள் கைக்கு இரண்டே கால் அளவு, மறக்கவில்லை. இப்போது கை வீங்கியிருக்கும் என்பதுதான் கடைக்காரர் எடுத்துக் கட்டியபிறகு ஞாபகம் வந்தது. திரும்பப் போய் ஒரு அளவு பெரியதாக மாற்றினேன்.

காய்ச்சலோடு மூன்று சீட்டு எழுதினேன்.

ஐந்து மணிக்கு வந்தார். தேங்காய்ச் சோறும் புளிச் சோறும் ஒரு தூக்குவாளி நிறைய. மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மொத வளையல் யார் போட்டான்னு கேக்க மாட்டியா?"

நான் தூக்குவாளியின் மூடியைத் திறந்து பார்த்தேன்.

"நாந்தான் போட்டேன். பொம்பளைங்கள்லாம் சிரிச்சாங்க, ஆம்பள வளையல் போடுதானேன்னு. மிது கைய நீட்டிக்கிட்டே வாசலப் பாத்தா. பிறகு என்னயப் பாத்தா. எனக்குப் போடத் தெரியல வடிவு. ஒண்ணு ஒடஞ்சு அவ கையில கீறிட்டு."

"ரத்தம் வந்ததா?"

"லேசா."

தூக்குவாளியை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். காய்ச்சலுக்குப் புளிச் சோறு ஆகாது.

செப்டம்பர் 28, வியாழன்

மழை. நாற்பத்தொரு சீட்டு.

அக்டோபர் 9, திங்கள்

சாயங்காலம் ஆறேகாலுக்கு போன். திரையில் அவள் பெயர். பெயரை நான் இன்னும் அழிக்கவில்லை. சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன், இரண்டு கையிலும் மாவு. கழுவிவிட்டு வருவதற்குள் நின்றுவிட்டது.

ஏழு வரை மேடையிலேயே வைத்திருந்தேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை. அவசரம் என்றால் மறுபடி கூப்பிட்டிருப்பாள்.

தவறிய அழைப்புக்குத் திரும்ப அழைத்தல், சீட்டு முப்பத்தொன்று. முன்பே எழுதியாகிவிட்டது.

அக்டோபர் 21, சனி

அவர் இப்போது பின்பக்கம் போவதில்லை. கூடத்திலேயே உட்கார்ந்து பேசுகிறார். நான் அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பாதம் வீங்குதா? ரெண்டுமா? டாக்டர் என்ன சொன்னாரு? உப்பக் கொறச்சுக்கோ. இரு, அம்மாகிட்ட கேக்கேன், ஒன்னயப் பெறும்போது அவளுக்கும்..."

நிறுத்தினார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள்.

"சரி சரி. கேக்கல. விடு, கேக்கல."

அவளைப் பெறும்போது எனக்கும் இரண்டு பாதமும் வீங்கின. தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுக்க வேண்டும், இடது பக்கமாக. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மத்தியானம் மாடி அறையைத் திறந்தேன். ஒட்டடை அடித்தேன். அவள் கட்டிலைச் சன்னல் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளினேன். கார்த்திகை மாதக் காற்று பிள்ளைக்கு ஆகாது. பழைய பருத்திச் சேலைகள் நான்கைக் கிழித்து, துவைத்து, காயப் போட்டேன். அவர் கொடிக்குக் கீழே வந்து நின்று பார்த்தார்.

"மாடியில வேல நடக்கப் போகுதுன்ன?"

"வேலை பிறகு பாத்துக்கலாம். நானே போய்க் கூப்பிட்டு வாரேன்."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "யோசிச்சுப் போ" என்றார்.

நவம்பர் 5, ஞாயிறு

தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பூ, அவளுக்கு ஒரு சேலை. முறையில் ஒரு குறை இல்லை. கோவில்பட்டியில் இறங்கும்போது பன்னிரண்டரை.

சின்ன வீடு, சுத்தமான வீடு. பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "மைனி! வாங்க வாங்க. ஏட்டி மிது, யார் வந்திருக்கா பாரு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

மிது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் உப்பியிருந்தது. இருபத்தோரு மாதம் ஆகிவிட்டது, நான் அவளைப் பக்கத்தில் பார்த்து. "வாங்கம்மா" என்றாள். நீ, வா, போ என்று பேசியவள்.

தட்டை நீட்டினேன். "பிரசவத்துக்குக் கூப்பிட்டுப் போக வந்திருக்கேன். மாடி ரூமெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன்."

அவள் தட்டை வாங்கவில்லை.

"யாரக் கூப்பிட வந்தீங்க? என்னயவா, எங்களயா?"

"என்னட்டி கேள்வி இது? பிரசவத்துக்குப் பொண்ணத்தான கூப்பிடுவாங்க."

"அது சரி. பிள்ள பொறந்ததும் அறிவு பாக்க வருவாரு. ரெண்டு நாள் இருப்பாரு. நம்ம வீட்ல சாப்பிடுவாரு, நம்ம டம்ளர்ல குடிப்பாரு, கூடத்துல பாய் போட்டுப் படுப்பாரு. அத்த வருவாங்க. பிள்ளையக் குளிப்பாட்ட அடுக்களைக்குப் போய் வெந்நீ எடுப்பாங்க. அதெல்லாம் சரின்னா சொல்லுங்க, இப்பவே பைய எடுத்துட்டு வாரேன்."

சரி என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். அடுக்களை என்ற இடத்தில் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. நான் யோசிக்கக்கூட இல்லை. ஒரு நான்கைந்து நொடி இருக்கும். பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்பட வேண்டியவள் அவள் இல்லை, ஆனாலும் அவள்தான் குனிந்தாள்.

"சரிட்டி, அதுக்கென்ன" என்றேன் பிறகு.

"வேண்டாம்மா" என்றாள் மிது. அவள் குரலில் கோபமே இல்லை. "நீங்க நல்லாத்தான் யோசிச்சீங்க. சாப்பிட்டுட்டுப் போங்க. அத்த மீன் வைக்கல இன்னிக்கு, சாம்பார்தான்."

ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது என்றேன். கோவில்பட்டியிலிருந்து கால் மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும்.

நவம்பர் 8, புதன்

'கால்' முடிந்தது. நாற்பத்து மூன்று பொருள். மாதிரிப் பக்கமாக இதைத்தான் முதலில் அச்சடிக்கப் போகிறார்கள். சார் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "ஒரு சொல்லோட இவ்வளவு நாள் குடித்தனம் பண்ணினவங்கள நான் பாத்ததில்ல" என்றார். ரோஸ்லின் கேக் வெட்டினாள்.

பதினேழாம் சீட்டை நேற்றுத்தான் நிரப்பினேன். 'அவன் என்னைப் பொய்யன் என்று சொன்னான்.' எங்கும் கேட்டதில்லை, மேசையில் உட்கார்ந்து செய்தது. சார் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கேட்ட வாக்கியம் என்னிடம் உண்டு. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சொன்னது. அந்தப் பையனுடைய பெயருக்குப் பதிலாக அவனுடைய சாதியின் பெயரைச் சொல்லி, அதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்து. அப்போது அவள் குளிக்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்து விட்டிருந்தாள், அவ்வளவுதான்.

நவம்பர் 23, வியாழன்

நேற்றுக் காலை பெண் குழந்தை. சுகப்பிரசவம். இரண்டே முக்கால் கிலோ.

அவர் நேற்றே போய்விட்டார். நான் வரலாமா என்று அவரிடம் கேட்டேன். "என்கிட்ட கேக்காத, அவகிட்ட கேளு" என்றார். மிதுவுக்கு நானே போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "வாங்கம்மா. நாலு மணிக்கு மேல விடுவாங்க. பாத்துட்டுப் போங்க" என்றாள்.

மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். முகூர்த்த நாள், கயத்தாறுக்கு இந்தப் பக்கம் வழியெல்லாம் நெரிசல். ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி. ஆறு கட்டில் போட்ட வார்டு. மிது சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரும் அறிவழகனும் சன்னலோரம் நின்றார்கள். பேச்சியம்மாள் குழந்தையை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த மனுஷிக்கு என் மேல் ஏன் இன்னும் முகம் மலர்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"வந்துட்டியளா மைனி! நெத்தியப் பாருங்க, அப்படியே ஒங்கள உரிச்சு வச்சிருக்கு. பிடிங்க, ஒங்க பேத்திய" என்று இரண்டு கையாலும் நீட்டினார்.

நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். "இருங்க, கையக் கழுவிட்டு வந்திருதேன்" என்றேன்.

அறிவழகன் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினான். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சியம்மாளின் கைகள் நீட்டியபடியே இருந்தன, நடுவில் குழந்தையோடு. பிறகு மெதுவாக மடங்கின.

"பஸ்ல கம்பியப் பிடிச்சுட்டு வந்த கை..." என்றேன்.

"கழுவிட்டு வாங்கம்மா" என்றாள் மிது.

குழாய் நடையின் கோடியில் இருந்தது. முன்னால் மூன்று பேர். சோப்பு இல்லை. கீழே இறங்கிக் கடையில் சோப்பு வாங்கி வந்து முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். முந்தானையில் துடைக்காமல் அப்படியே ஈரத்தோடு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

குழந்தை மிதுவின் மடியில் இருந்தது. அவள் அதன் மேல் துணியை இழுத்து விட்டாள்.

"தூங்கிட்டாம்மா" என்றாள்.

குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது. விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குக் கிளம்பினேன். அவர் இருந்து வருவதாகச் சொன்னார்.

பஸ் கம்பியைப் பிடித்த கை. பிறந்து ஒரு நாள் ஆன குழந்தை. அழுக்குக்காகத்தான் கழுவப் போனேன், வேறு எதற்காகவும் இல்லை.

எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். இந்த நோட்டில் இருக்கிற மற்ற வாக்கியங்கள் மாதிரியேதான் இருக்கிறது.